ஒரு வாக்கியமும் 301-ஆவது பிரிவும்

“நாட்டையும் மக்களையும் கேவலமாகப் பேசினால் தண்டனை என்று சட்டம் இருப்பதில் என்ன தப்பு? நம் அம்மாவை ஒருவன் திட்டினால் சும்மா விடுவோமா? துருக்கியில் 301 என்று ஒரு பிரிவு இருக்கிறதாமே, அலுவலக வேலையாக இஸ்தான்புல் போகப்போகிறேன், விளக்க முடியுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

அம்மாவிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் அம்மாவை ஒருவன் திட்டினால், திட்டு வாங்கியவர் யார் என்பதில் குழப்பம் இல்லை. அவர் வீட்டில் இருக்கிறார், அவருக்கு வலிக்கிறது, விரும்பினால் அவர் அவதூறு வழக்குப் போடலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். ஆனால் ஒரு தேசத்தின் தன்மையைத் திட்டினால்? வலித்தது யாருக்கு? வழக்குப் போடுவது யார்? மன்னித்துவிடும் உரிமை யாருக்கு? உங்கள் கேள்வியைச் சுற்றிப் பல விஷயங்கள் பேசலாம். எனக்கு முக்கியமாகப் படுவது இந்த ‘யார்’தான். 301-இன் கதை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

துருக்கியின் இப்போதைய தண்டனைச் சட்டம் 2005 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேண்டும், அதற்குச் சட்டங்களைச் சீர்திருத்த வேண்டும் என்ற வேகத்தில் எழுதப்பட்ட சட்டம் அது. 1926-இல் இத்தாலியச் சட்டத்தைப் பார்த்து எழுதிய பழைய தொகுப்பில் 159 என்ற எண்ணில் இருந்த குற்றம், புதிய தொகுப்பில் 301 என்று எண் மாறி உட்கார்ந்துகொண்டது. ‘துருக்கியத்தன்மையையோ குடியரசையோ நாடாளுமன்றத்தையோ வெளிப்படையாக இழிவுபடுத்துபவருக்கு’ ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. துருக்கியக் குடிமகன் வெளிநாட்டில் வைத்துத் துருக்கியத்தன்மையை இழிவுபடுத்தினால் தண்டனை மூன்றில் ஒரு பங்கு கூடும். கடைசியில் ஒரு வரி: விமர்சிக்கும் நோக்கில் சொல்லப்படும் கருத்துகள் குற்றமாகா.

அந்தக் கடைசி வரியைப் பார்த்ததும் ‘அப்புறம் என்ன பிரச்சினை?’ என்று தோன்றும். எனக்கும் முதல் வாசிப்பில் அப்படித்தான் தோன்றியது. சிக்கல் முதல் வரியில் இருக்கிறது.

‘துருக்கியத்தன்மை’ என்று நான் எழுதுவது ‘துர்க்லுக்’ என்ற சொல்லை. அதிலுள்ள ‘லுக்’ நம்முடைய ‘மை’ விகுதி மாதிரி. துருக்கி மொழியில் ‘இயி’ என்றால் நல்ல, ‘இயிலிக்’ என்றால் நன்மை. அதே கணக்கில் ‘துர்க்’கோடு விகுதி சேர்ந்தால் துர்க்லுக். தமிழில் ‘தமிழ்மை’ என்று ஒரு சொல்லை உண்டாக்கி, அதை இழிவுபடுத்தினால் மூன்று ஆண்டு சிறை என்று எழுதிப் பாருங்கள். தமிழ்மை என்றால் என்ன என்று பத்துப் பேரிடம் கேட்டால் பதினோரு பதில் வரும். துருக்கிச் சட்டத்தோடு வந்த விளக்கக் குறிப்பும் இந்தக் கஷ்டத்தைத் தீர்க்கவில்லை. உலகில் எங்கு வாழ்ந்தாலும் துருக்கியர்க்கே உரிய பண்பாட்டிலிருந்து பிறக்கும் பொது இருப்பு, அது துருக்கி தேசம் என்பதைவிட விரிந்தது என்றது அந்தக் குறிப்பு. வரையறை என்ற பெயரில் வேலியைப் பிடுங்கி இன்னும் தள்ளி நட்டதுபோல ஆயிற்று.

பொருள் இவ்வளவு விரிந்துவிட்டால், அது தனக்குச் சொந்தம் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அப்படித்தான் நடந்தது. கெமால் கெரின்ச்சிஸ் என்ற வழக்கறிஞரும் அவருடைய தேசியவாத வழக்கறிஞர் சங்கமும் செய்தித்தாள், நாவல், பேட்டி எல்லாவற்றையும் துருவித் துருவிப் படித்து அரசு வழக்கறிஞர்களிடம் புகார் கொடுத்தார்கள். எழுத்தாளர்கள் வரும் நாளில் நீதிமன்ற வாசலில் கூட்டம் சேர்ந்தது. துருக்கி நாவலாசிரியர் ஓரான் பாமுக் 2005 பிப்ரவரியில் ஒரு சுவிஸ் இதழுக்குக் கொடுத்த பேட்டியில், இந்த மண்ணில் முப்பதாயிரம் குர்துகளும் பத்து லட்சம் ஆர்மீனியர்களும் கொல்லப்பட்டார்கள், அதைப் பேச யாரும் துணிவதில்லை என்றார். 1915-இல் ஒட்டோமான் அரசு ஆர்மீனியர்களை நாடுகடத்தியும் கொன்றும் தீர்த்ததைத்தான் சொன்னார். உலக வரலாற்று அறிஞர்களில் பெரும்பாலோர் இனப்படுகொலை என்று சொல்வதை, துருக்கி அரசு அப்படி ஒப்புக்கொள்வதில்லை. டிசம்பரில் இஸ்தான்புல்லின் ஷிஷ்லி நீதிமன்றத்தில் விசாரணை. வெளியே வந்த பாமுக்கின் கார்மீது முட்டை வீசினார்கள். அடுத்த மாதம் சட்ட நுணுக்கம் ஒன்றில் வழக்கு விழுந்தது.

ஆனால் விஷயம் முடியவில்லை. பாமுக்கின் பேச்சால் எங்கள் மானம் போயிற்று என்று சிலர் நஷ்டஈடு கேட்டு உரிமையியல் வழக்குத் தொடுத்தார்கள். 2011-இல் நீதிமன்றம் ஐந்து பேருக்கு மொத்தம் 6000 லிரா கொடுக்கச் சொன்னது. இதற்குள் அவர் நோபல் பரிசு வாங்கி ஐந்து ஆண்டு ஆகியிருந்தது. பேட்டியில் அவர் பெயர்கூடச் சொல்லாத ஐந்து பேர்!

எலிஃப் ஷஃபாக்கின் வழக்கு இன்னும் விநோதம். நாவலில் வரும் ஓர் ஆர்மீனியப் பாத்திரம் பேசிய வசனத்துக்காக ஆசிரியர்மேல் வழக்கு. 2006 செப்டம்பரில் விடுதலை ஆனார். அவருக்குக் குழந்தை பிறந்து சில நாள்கள்தான் ஆகியிருந்தன.

பாமுக்குக்கும் ஷஃபாக்குக்கும் உலகம் துணை நின்றது. அவர்கள் வழக்கை மட்டும் பார்த்தால் ‘சட்டம் இருக்கிறது, ஆனால் கடிக்கவில்லை’ என்ற முடிவுக்கு வருவோம். நம்மூர்ப் பத்திரிகைகளும் அப்போது அந்த அளவில்தான் எழுதின. கடித்த இடம் வேறு.

ஹிராண்ட் டிங்க் 1954-இல் மலாத்யாவில் பிறந்த ஆர்மீனியர். 1996-இல் இஸ்தான்புல்லில் ‘அகோஸ்’ என்ற வார இதழை நண்பர்களோடு தொடங்கினார். துருக்கியும் ஆர்மீனியமும் கலந்து வந்த இதழ். அகோஸ் என்றால் ஆர்மீனிய மொழியில் ஏர் உழுத சால்.

அவர்மேல் வழக்கு ஒன்று அல்ல, பல. முதலாவது 2002-இல் உர்ஃபா என்ற ஊரில் பேசிய பேச்சுக்கு. துருக்கியின் தொடக்கப் பள்ளிகளில் தினமும் காலையில் பிள்ளைகள் ஓர் உறுதிமொழி சொல்வார்கள். ‘நான் துருக்கியன், நேர்மையானவன், உழைப்பாளி’ என்று அது தொடங்கும். 1933-இல் வந்த அந்த வழக்கத்தை 2013-இல்தான் கைவிட்டார்கள். ஆர்மீனியப் பள்ளிகளிலும் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொன்னபோது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு டிங்க் சொன்னார்: நான் துருக்கியன் அல்ல, துருக்கி நாட்டவன், ஆர்மீனியன். தேசிய கீதத்தில் ‘என் வீர இனத்தைப் பார்த்துச் சிரி’ என்று ஒரு வரி வருகிறது, சமீப காலமாக அந்த வரி வரும்போது நான் மௌனமாகிவிடுகிறேன், நீங்கள் பாடுங்கள், அந்த வரி முடிந்ததும் நான் மறுபடி சேர்ந்துகொள்கிறேன் என்றார்.

எனக்கு இதைவிட மரியாதையாக ஒரு மறுப்பைச் சொல்லத் தெரியாது. இதற்குத்தான் வழக்கு. விடுதலை ஆக 2006 பிப்ரவரி வரை ஆயிற்று.

இரண்டாவது வழக்குதான் உயிரைக் குடித்தது. 2003 நவம்பரிலிருந்து அவர் அகோஸில் ‘ஆர்மீனிய அடையாளம் பற்றி’ என்று எட்டுப் பகுதிகள் கொண்ட ஒரு கட்டுரைத் தொடர் எழுதினார். அது துருக்கியரைப் பார்த்து எழுதியதே அல்ல. பிரான்சிலும் அமெரிக்காவிலும் சிதறிக் கிடக்கும் தன் சொந்த மக்களைப் பார்த்து எழுதியது. அதன் சாரம் இது: துருக்கியன்மேல் உள்ள கோபம் உங்கள் அடையாளத்துக்கே உரமாகிவிட்டது, அந்தக் கோபம் உங்கள் இரத்தத்தில் நஞ்சாக ஓடுகிறது, துருக்கியன் ஒப்புக்கொள்வானா மாட்டானா என்று காத்திருக்காதீர்கள், அதை உதறிவிட்டு இன்றைய ஆர்மீனியா என்ற சின்ன நாட்டைக் கட்டுவதில் மனத்தைச் செலுத்துங்கள். புலம்பெயர்ந்த ஆர்மீனியர்களில் பலருக்கு இது பிடிக்கவில்லை.

எட்டாவது கட்டுரை 2004 பிப்ரவரி 13-இல் வந்தது. அதில் ஒரு வாக்கியம்.

நான் இதழியல் மாணவர்களுக்கு ஊடகச் சட்டம் நடத்துகிறேன். வருடா வருடம் அந்த வாக்கியத்தை, யார் எழுதியது என்று சொல்லாமல், கரும்பலகையில் எழுதிப்போடுவேன். என் தமிழில் அது இப்படி: “‘துருக்கியனி’லிருந்து வடிந்து போகும் அந்த நச்சு இரத்தத்தின் இடத்தை நிரப்பப்போகும் தூய இரத்தம், ஆர்மீனியன் ஆர்மீனியாவோடு ஏற்படுத்திக்கொள்ளும் உன்னத நாளத்தில் இருக்கிறது.” இது துருக்கியரை இழிவுபடுத்துகிறது என்பவர்கள் கை தூக்குங்கள் என்பேன். ஏறக்குறைய எல்லாக் கையும் மேலே போகும்.

பிறகு முந்தைய ஏழு கட்டுரைகளின் சாரத்தைச் சொல்வேன். ‘இலிருந்து’ என்ற வேற்றுமை உருபைச் சுட்டிக்காட்டுவேன். தமிழைப்போலவே துருக்கி மொழியும் வேற்றுமையைச் சொல்லோடு ஒட்டித்தான் காட்டும். நஞ்சு யாருடைய இரத்தத்தில்? துருக்கியனுடைய இரத்தத்தில் என்றும் படிக்கலாம். ‘துருக்கியன்’ என்ற நினைப்பு ஆர்மீனியனுடைய இரத்தத்தில் ஏற்றிவைத்த நஞ்சு என்றும் படிக்கலாம். மூலத்தில் துருக்கியன் என்ற சொல்லைச் சுற்றி மேற்கோள் குறி இருக்கிறது. முந்தைய கட்டுரைகளைப் படித்தவனுக்கு இரண்டாவது பொருள் மட்டும்தான் கிடைக்கும். மேலே இருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கும்.

சென்ற ஆண்டு ஒரு பெண் மட்டும் கையை இறக்கவில்லை. “சார், அவர் நஞ்சு, இரத்தம் எல்லாம் இல்லாமலே எழுதியிருக்கலாம்ல?” என்றாள். நியாயமான கேள்வி. எழுதியிருக்கலாம். அதிலும் அந்த வாக்கியத்தின் முடிவு, துருக்கிக் குடியரசை நிறுவிய அத்தாத்துர்க் 1927-இல் இளைஞர்களுக்குச் சொன்ன புகழ்பெற்ற வரியின் எதிரொலி: உனக்குத் தேவையான வலிமை உன் நாளங்களில் ஓடும் உன்னத இரத்தத்தில் இருக்கிறது. துருக்கியில் பள்ளிக்குப் போன எவருக்கும் மனப்பாடமான வரி. அதைத் தொட்டுத் திருப்பினால் சிலருக்குச் சுடும் என்பது டிங்க்குக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? வாக்கியம் இடறுகிறது என்று ஓர் ஆசிரியர் சொல்லலாம், வாசகர் கடிதம் போட்டுத் திட்டலாம். இடறும் வாக்கியத்துக்கு நீதிபதி எதற்கு என்றுதான் அவளிடம் திருப்பிக் கேட்டேன்.

அந்த வாக்கியம் அச்சான வாரத்தில் யாருக்கும் வலிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். வலிக்க வைத்தது வேறொரு செய்தி. எட்டாவது கட்டுரைக்கு ஒரு வாரம் முன்பு அகோஸ் ஒரு செய்தி போட்டது. அத்தாத்துர்க்கின் வளர்ப்பு மகள், துருக்கியின் முதல் பெண் போர் விமானி சபிஹா கோக்சென், உண்மையில் ஆர்மீனிய அநாதைக் குழந்தை என்று அவருடைய உறவினர் என்று சொல்லிக்கொண்ட ஒரு பெண்மணி கூறுகிறார் என்பதுதான் செய்தி. (இஸ்தான்புல்லின் இரண்டாவது விமான நிலையத்துக்கு சபிஹா கோக்சென் பெயர்தான். நீங்கள் இறங்கப்போவது அங்கேகூட இருக்கலாம்.) பிப்ரவரி 21-இல் நாட்டின் பெரிய நாளிதழ் ஒன்று அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தது. மறுநாளே இராணுவத் தலைமையகம் கடுமையான அறிக்கை விட்டது. இத்தகைய ஒரு சின்னத்தை விவாதத்துக்கு இழுப்பது தேசிய ஒற்றுமைக்கு எதிரானது என்றது.

இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஒருவரை ஆர்மீனியர் என்று சொன்னதே அவமதிப்பு என்றால், அந்த அறிக்கையால் இழிவுபட்டது யார்?

டிங்க்கை ஆளுநர் அலுவலகத்துக்கு அழைத்தார்கள். துணை ஆளுநரின் அறையில் ‘நண்பர்கள்’ என்று அறிமுகப்படுத்தப்பட்ட இருவர் அவருக்குப் ‘புத்தி’ சொன்னார்கள். அவர்கள் உளவுத்துறையினர் என்பது பின்னால் வெளிவந்தது. இரண்டொரு நாளில் அகோஸ் வாசலில் ஆர்ப்பாட்டம். அதற்கப்புறம்தான் யாரோ பழைய இதழ்களைப் புரட்டி அந்த ‘நச்சு இரத்த’ வாக்கியத்தைக் கண்டெடுத்தார்கள். புகார்கள் வந்தன.

நீதிமன்றம் நியமித்த நிபுணர் குழு கட்டுரைத் தொடரை முழுவதும் படித்துவிட்டு இழிவு எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்தது. நீதிமன்றம் அதை ஓரமாக வைத்துவிட்டு 2005 அக்டோபர் 7 அன்று ஆறு மாதச் சிறை விதித்தது, தண்டனையை நிறுத்தியும் வைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு துருக்கி சேர்க்கைப் பேச்சுவார்த்தை தொடங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. மேல்முறையீட்டில் தலைமை அரசு வழக்கறிஞரே குற்றம் இல்லை என்று வாதாடினார். 2006 ஜூலையில் உயர்மட்ட அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பை உறுதி செய்தது.

ஒருநாள்கூட உள்ளே இருக்க வேண்டியதில்லை. அப்புறம் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. டிங்க்குக்கு வலித்தது வேறு இடத்தில். தான் இத்தனை காலம் சேர்ந்து வாழ்ந்த மக்களை இழிவுபடுத்தியவன் என்று முத்திரை குத்தப்பட்டால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன், விடுதலை ஆகாவிட்டால் நாட்டைவிட்டே போய்விடுவேன் என்று சொன்னார். போகவில்லை. மிரட்டல் கடிதங்கள் குவிந்தன. தன் மனநிலை ஒரு புறாவைப்போல இருக்கிறது, தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருக்கிறேன் என்று கடைசியாக எழுதினார். இந்த நாட்டில் புறாக்களை யாரும் தொடுவதில்லை என்ற நம்பிக்கையும் அதில் இருந்தது.

2007 ஜனவரி 19, வெள்ளிக்கிழமை. பிற்பகலில் அகோஸ் அலுவலக வாசல் நடைபாதையில் பின்னாலிருந்து சுட்டார்கள். வெள்ளைத் துணி போர்த்திய உடலின் படம் உலகெங்கும் போயிற்று. அதில் துணிக்கு வெளியே நீட்டியிருந்த காலில், அடிப்பகுதி தேய்ந்து ஓட்டை விழுந்த சப்பாத்து.

சுட்டவன் டிராப்சோன் ஊரைச் சேர்ந்த 17 வயதுப் பையன். ஏன் சுட்டாய் என்று கேட்டதற்கு, துருக்கியரின் இரத்தம் அசுத்தமானது என்று அவர் சொன்னதாக இணையத்தில் படித்தேன் என்றான். எட்டுக் கட்டுரை ஒரு வாக்கியமாகி, ஒரு வாக்கியம் ஒரு தீர்ப்பாகி, தீர்ப்பு ஒரு வதந்தியாகி அவனிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. இடையில் நின்று ‘முழுவதையும் படி’ என்று சொல்லியிருக்க வேண்டிய நிறுவனம் நீதிமன்றம். அதுதான் அந்தப் பொருளுக்கு அரசு முத்திரை குத்திக் கொடுத்தது. பிடிபட்டபின் அந்தப் பையன் கையில் தேசியக் கொடியைக் கொடுத்துப் பாதுகாப்புப் படையினர் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படமும் பிறகு வெளியானது. அவன் 2023 நவம்பரில் விடுதலை ஆகிவிட்டான்.

டிங்க்கின் சவ ஊர்வலத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் ‘நாம் எல்லோரும் ஹிராண்ட் டிங்க், நாம் எல்லோரும் ஆர்மீனியர்’ என்ற அட்டைகளோடு நடந்தார்கள். பெரும்பாலானோர் துருக்கியர். அதே ஆண்டு அக்டோபரில் டிங்க்கின் மகனுக்கும் அகோஸின் உரிமையாளர் ஒருவருக்கும் ஓராண்டுச் சிறை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனைதான். குற்றம்: டிங்க் கொடுத்த ஒரு பேட்டியை மறுபதிப்புச் செய்தது. பிரிவு: 301.

டிங்க் கொலையுண்பதற்குச் சில நாள் முன்புதான் ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கு மனுப் போட்டிருந்தார். அங்கே துருக்கி அரசு தாக்கல் செய்த பதில்வாதத்தில், டிங்க்கின் எழுத்தை ஒரு ஜெர்மன் நவநாஜிப் பிரசாரகரின் வழக்கோடு ஒப்பிட்டிருந்தார்கள். செய்தி வெளியானதும் நாட்டுக்குள்ளேயே பெரும் சங்கடம் ஆயிற்று. 2010 செப்டம்பரில் வந்த தீர்ப்பு, கொலைத்திட்டம் முன்கூட்டியே தெரிந்தும் காவல்துறை அவர் உயிரைக் காக்கவில்லை, அவருடைய கருத்துரிமையையும் அரசு மீறியது என்றது.

நடுவில் 2008-இல் 301-ஐத் திருத்தினார்கள். ‘துருக்கியத்தன்மை’ போய் ‘துருக்கி தேசம்’ வந்தது. அதிகபட்சத் தண்டனை இரண்டு ஆண்டு. வெளிநாட்டில் பேசினால் கூடுதல் தண்டனை என்பது நீங்கியது. முக்கியமாக, நீதித்துறை அமைச்சரின் அனுமதி இல்லாமல் வழக்குத் தொடர முடியாது என்றார்கள். உண்மையில் வழக்குகள் மளமளவென்று குறைந்தன. அதை மறைக்கக் கூடாது. ஆனால் கதவின் சாவி ஓர் அரசியல்வாதியின் சட்டைப் பையில் இருக்கிறது. டிங்க் கொலையுண்ட மறுநாள்களில், அரசும் இதற்குப் பொறுப்பு என்ற பொருளில் பேசிய ஓர் எழுத்தாளர்மேல் வழக்குத் தொடர அன்றைய அமைச்சர் அனுமதி கொடுத்தார். என் அரசைக் கொலைகாரன் என்று சொல்ல விடமாட்டேன் என்பது அவர் சொன்ன காரணம். 1915 பற்றி ஆராய்ந்த வரலாற்றாசிரியர் தானெர் அக்சாம் தொடுத்த வழக்கில் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் 2011-இல் இன்னும் ஆழமாகப் போயிற்று: சொல்லை மாற்றினாலும் பொருள் மாறவில்லை, எதைப் பேசினால் குற்றம் என்று ஒரு குடிமகன் முன்கூட்டி ஊகிக்க முடியாத அளவுக்கு இந்தப் பிரிவு விரிந்து கிடக்கிறது, இன்றைய அமைச்சர் அனுமதி மறுக்கலாம், நாளைய அமைச்சர் கொடுக்கலாம் என்றது. பிரிவு இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் ஆர்மீனியர் பக்கம் நின்று ‘இனப்படுகொலையை மறுத்தால் சிறை’ என்று சட்டம் போட்டால் சரியாகிவிடுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். பிரான்ஸ் முயன்று பார்த்தது. 2006 அக்டோபர் 12 அன்று அந்த நாட்டு மக்களவை அப்படி ஒரு மசோதாவை நிறைவேற்றியது. பாமுக்குக்கு நோபல் அறிவித்ததும் அதே நாள். டிங்க் என்ன சொன்னார் தெரியுமா? இந்தச் சட்டம் வந்தால் நானே பிரான்சுக்குப் போய், எனக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும், இனப்படுகொலை நடக்கவில்லை என்று சொல்லிக் கைதாவேன் என்றார். தன்னைத் தண்டித்த தர்க்கம் எதிர்ப்பக்கத்தில் தனக்குச் சாதகமாக வந்து நின்றபோதும் வேண்டாம் என்ற ஆள். அந்த மசோதா சட்டமாகாமல் போயிற்று. பிறகு வந்த இன்னொன்றை 2012 பிப்ரவரியில் பிரான்சின் அரசியலமைப்பு மன்றமே தள்ளுபடி செய்தது. சுவிட்சர்லாந்தில் ஆர்மீனிய இனப்படுகொலை ஒரு சர்வதேசப் பொய் என்று பேசித் தண்டனை பெற்ற துருக்கி அரசியல்வாதி தோவு பெரின்செக், ஸ்ட்ராஸ்பூர்க்கில் 2015-இல் வென்றார். அவர் சொன்னது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன்.

நம் பக்கம் என்ன நிலைமை என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ‘தேசத்தை அவமதித்தல்’ என்ற குற்றத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு பழைய பிறப்பிடம் உண்டு. அரசியல் சட்டத்தின் சில பிரிவுகள் சாதியைக் காப்பாற்றுகின்றன என்று சொல்லி, 1957 நவம்பர் 26 அன்று அதைக் கொளுத்தப்போவதாகத் தஞ்சாவூரில் பெரியார் அறிவித்தார். கொளுத்தினால் தண்டிக்க அப்போது சட்டமே இல்லை. சென்னை மாநிலச் சட்டமன்றம் அவசர அவசரமாக, மூன்று ஆண்டு வரை சிறை என்று, தேசிய அவமதிப்புத் தடுப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதைத் தெரிந்துகொண்டே ஆயிரக்கணக்கானோர் கொளுத்திச் சிறைக்குப் போனார்கள். சிலர் உள்ளேயே இறந்தார்கள். 1971-இல் நாடு முழுமைக்கும் வந்த சட்டத்திலும் அதே மூன்று ஆண்டு.

ஆனால் அந்த 1971 சட்டத்தைத் துருக்கிச் சட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது காப்பது கொடி, கீதம், அரசியல் சட்டம் என்ற மூன்றை. கொடியையும் புத்தகத்தையும் கையால் தொடலாம், கீதத்தைக் காதால் கேட்கலாம். என்ன செய்தால் குற்றம் என்பதற்கு எரிப்பது, கிழிப்பது, மிதிப்பது என்று பட்டியல் இருக்கிறது. சட்டப்படியான மாற்றம் வேண்டி அரசியல் சட்டத்தையோ கொடியையோ குறை சொல்வது குற்றமல்ல என்ற விளக்கமும் உண்டு. ‘இந்தியத்தன்மை’ என்று ஒன்றை அது காக்கவில்லை. அதனால்தான் கேரளத்தில் 1985-இல் யெகோவா சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்தின்போது எழுந்து நின்று, ஆனால் பாடாமல் இருந்ததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டபோது, உச்ச நீதிமன்றத்தால் அவர்களைக் காப்பாற்ற முடிந்தது. 1986-இல் வந்த பிஜோ இம்மானுவேல் தீர்ப்பு அது. மரியாதையாக எழுந்து நிற்கிறார்கள், பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்றார் நீதிபதி சின்னப்ப ரெட்டி. உர்ஃபாவில் டிங்க் மௌனமானதும் இவர்கள் மௌனமானதும் ஒரே மௌனம்தான். நம் சட்டம் யோக்கியம், அவர்கள் சட்டம் அயோக்கியம் என்று சொல்ல வரவில்லை. நம்மிடம் வேறு பிரிவுகள் இருக்கின்றன, அவற்றின் கதை தனி. பொருள் எவ்வளவு குறுகலோ அவ்வளவு குறைவாகவே கெடுதல் செய்ய முடியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

உங்கள் பயணத்துக்கு வருகிறேன். 301 இப்போது அடிக்கடி கேள்விப்படும் எண் அல்ல. குடியரசுத் தலைவரை அவமதிப்பதற்கான 299-தான் கடந்த பத்துச் சொச்சம் ஆண்டுகளில் சரமாரியாகப் பாய்கிறது. ஓராண்டு முதல் நான்கு ஆண்டு வரை சிறை. 2021-இல் ஸ்ட்ராஸ்பூர்க் அதையும் கண்டித்துவிட்டது, ஆனாலும் அது அசையவில்லை. அத்தாத்துர்க்கின் நினைவை இழிவுபடுத்துவதற்கு 1951-இலிருந்து தனிச் சட்டம் உண்டு. அதன் பெயரால் யூடியூபையே ஆண்டுக்கணக்கில் முடக்கி வைத்திருந்தார்கள். இவை அந்த மண்ணில் நிற்கும் எவருக்கும் பொருந்தும், கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்று பார்ப்பதில்லை. அலுவலக வேலையாகப் போகிறவர் அங்கிருந்தபடி கேலிப்படம் பகிர வேண்டாம், அவ்வளவுதான். உணவகத்தில் நண்பர்களோடு பேசுவதைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. துருக்கியர்கள் நம்மைவிட அதிகமாக அரசியல் பேசுவார்கள்.

ஒரு பிற்பகல் நேரம் கிடைத்தால் மெட்ரோவில் ஒஸ்மான்பே நிலையத்தில் இறங்குங்கள். ஹலாஸ்கார்காஸி சாலையில், செபாத் குடியிருப்பு என்ற கட்டடத்தின் வாசல் நடைபாதையில் ஒரு பதிகல் இருக்கும், துருக்கியிலும் ஆர்மீனியத்திலும் எழுதியது. அந்தக் கட்டடத்தில்தான் அகோஸ் இருந்தது. 2019-இல் அந்த அலுவலகத்தை ஒரு நினைவகமாகத் திறந்தார்கள். பெயர் ‘23.5’. ஏப்ரல் 23 துருக்கியின் தேசிய இறையாண்மை நாள், குழந்தைகள் நாளும் அதுதான், பள்ளிப் பிள்ளைகள் கொடி பிடித்து ஊர்வலம் போவார்கள். ஏப்ரல் 24 ஆர்மீனியர்கள் 1915-க்கு மெழுகுவத்தி ஏற்றும் நாள். இரண்டும் எனக்கு உரியவை, நான் எந்தத் தேதியில் நிற்பது என்று டிங்க் 1996-இல் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். பெயர் அதிலிருந்து வந்தது.